தவளக்குப்பம் பட்டறையில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: அடிப்பூச்சும் பெயிண்டும்

புதுச்சேரியில் இருந்து கடலூர் செல்லும் சாலையில், தவளக்குப்பத்தைத் தாண்டிச் சற்று உள்ளே தள்ளி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. பழைய கார்களுக்கு டிங்கர் வேலையும் பெயிண்ட் வேலையும் மட்டும் செய்கிறார்கள். என் 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3 காரின் பாடி, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் இரண்டையும் அங்கே கொடுத்து, அடிப்பூச்சில் (வண்டியின் அடிப்பாகத்தைக் காக்க அடிக்கும் கனத்த பூச்சு) இருந்து மேல்நிறம் வரை செய்து வாங்கினேன். வேலை முடிந்து ஒரு வடகிழக்குப் பருவமழையை வண்டி கடந்துவிட்டதால் இப்போது எழுதலாம் என்று தோன்றியது. கடலோரத்தில் பெயிண்ட் வேலையைப் பற்றி மழைக்கு முன் எழுதப்படும் பாராட்டுக்கு அதிக மதிப்பில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை விட்டுச் சென்ற சுவடுகளைப் படிப்பதிலும், உப்புக்காற்றைத் தாங்கும்படி இரும்பைத் தயார் செய்வதிலும் இந்தப் பட்டறைக்கு இணையான ஒன்றை இந்தப் பகுதியில் நான் பார்க்கவில்லை. வேலையை முடிக்கும் கட்டத்தில் காட்ட வேண்டிய பொறுமையும், செய்ததை எழுதி வைக்கும் பழக்கமும் அவர்களிடம் குறைவு.

வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் மேற்கொண்டு எழுதுவது விளங்காது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கேலோட்டி வரைந்த டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை இங்கே தயாரித்தது. பாடியும் சேஸிஸும் ஒன்றாகிவிட்ட கார்கள் பெருகிய காலத்திலும் ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ்தான். அதன்மேல் பாடியின் பகுதிகள் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கித் திறப்பதால், மற்ற கார்களில் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துகிடக்கும் மட்கார்டின் உட்புறம் இதில் பானெட்டைத் தூக்கும்போதெல்லாம் பார்ப்பவர் கண்ணில் படும். அடிப்பூச்சை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினார்கள் என்பதை ஒளித்துவைக்க இடமில்லாத வண்டி இது. இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்து ஹெரால்டைப் பற்றி அச்சில் நிறையவே கிடைக்கிறது. ஆனால் மார்க் 3இன் நான்கு கதவுகள் இந்தியாவுக்கே உரியவை. இங்கிலாந்து சலூனுக்கு இரண்டு கதவுகள்தான். ஆகவே வண்டலூரில் எந்த மூட்டில் எதைப் பூசினார்கள், எந்த ஓரத்தைப் பூசாமல் விட்டார்கள் என்பதற்கு என் கையில் இருந்த ஒரே சாட்சி அந்த வண்டிதான்.

இதை நான் சொல்லாமலே பட்டறை மேஸ்திரி புரிந்துகொண்டார். பெரும்பாலான இடங்களில் வண்டி உள்ளே வந்ததும் கிரைண்டர் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். இவர் கதவு அட்டைகளைக் கழற்றினார், டிக்கி ரப்பரை உரித்தார், டாஷ்போர்டுக்கு உட்புறம், சீட் தண்டவாளத்துக்கு அடி, நம்பர் தகட்டின் பின்புறம் என்று பிற்காலப் பெயிண்டரின் ஸ்ப்ரே கன் எட்டாத இடங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். “பழசக் கேக்காம சுரண்டிட்டா அப்புறம் யாரக் கேக்கறது சார்?” என்றார். பஞ்சைத் தின்னரில் நனைத்து அந்த இடங்களில் தேய்த்துப் பார்த்தார்கள். நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட், அதாவது நம் பெயிண்டர்கள் என்.சி. என்றும் டியூக்கோ என்றும் சொல்வது, எத்தனை ஆண்டு ஆனாலும் தன் தின்னரில் கரைந்து பஞ்சில் நிறத்தை விடும். சூட்டில் இறுகிய எனாமல் அப்படி எளிதில் கரையாது. பிற்காலத்தில் அடித்த இரு கலவைப் பெயிண்ட் அசையவே அசையாது. இந்தச் சோதனைக்குப் பிறகு டிக்கியின் உள்மூலை ஒன்றில் நீர் உப்புத்தாளால் ஒரு சிறு வட்டம் தேய்த்தபோது, வெங்காயத்தை நறுக்கினாற்போல் வளையம் வளையமாக ஒவ்வொரு காலத்துப் பூச்சும் வெளிப்பட்டது. மேலே பிற்கால வெள்ளை, அதற்கடியில் பள்ளங்களை நிரப்பும் பட்டி, அதன் கீழே ஒரு மங்கிய நீலம், பிறகு தொழிற்சாலையின் இளம்பச்சை, பெயிண்ட் பிடிப்பதற்காகத் தகட்டில் முதலில் அடிக்கும் சாம்பல் பிரைமர், கடைசியில் தகடு.

அடிப்பாகத்தில் கிடைத்தவை அதைவிடச் சுவையானவை. பின்சக்கர வளைவின் உள்ளே கறுப்புப் பூச்சு இளம்பச்சையின் துகள்படலத்துக்கு மேலே படிந்திருந்தது. நிறம் அடித்த பிறகுதான் இந்த வண்டிக்கு அடிப்பூச்சு அடித்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தக் கறுப்பின் ஓரம் நேர்கோடாக இல்லாமல் கை போன போக்கில் ஏறி இறங்கியிருந்தது. டிக்கித் தளத்தின் மூட்டில் இடுக்கை அடைக்கும் சீலரைப் பிரஷால் இழுத்த தடமும், அந்தத் தடத்துக்குள் பிரஷின் முடி ஒன்றும் அப்படியே இருந்தன. தளத்தின் நடுப்பகுதிக்கு மேல்நிறம் வரவே இல்லை. பக்கவாட்டில் இருந்து அடித்த பெயிண்டின் தூசி மட்டும் ஓரங்களில் ஒரு சாண் அளவுக்குப் படர்ந்து, உள்ளே போகப்போகத் தேய்ந்து பிரைமரில் முடிந்தது. இவையெல்லாம் குறைகள் என்று எண்ணி வழித்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். அமெரிக்காவில் 1974இல் தொடங்கப்பட்ட தேசிய கார்வெட் (ஒரு ஸ்போர்ட்ஸ் கார்) புதுப்பிப்போர் சங்கம், வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அதுவே அளவுகோல் என்று வைத்து மதிப்பிடுகிறது. அங்கே தேவைக்கு மேல் மெருகேற்றினாலும் புள்ளி குறையும். அந்தக் கண்ணோட்டம் தவளக்குப்பத்தில் ஒரு டிங்கர் மேஸ்திரியிடம் இயல்பாகவே இருந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் அசலை மதிப்பது வேறு, அசல் பூச்சை அப்படியே விட்டுவைப்பது வேறு. அந்தக் காலத்து அடிப்பூச்சு பெரும்பாலும் தார் சார்ந்தது. கல் தெறிப்பதில் இருந்து தகட்டைக் காப்பதும், தகடு அதிர்ந்து எழுப்பும் ஓசையை அடக்குவதும் அதன் வேலை. ஆண்டுகள் போகப்போக அதில் உள்ள நெகிழ்ச்சி தரும் பொருள்கள் வெளியேறி, பூச்சு கெட்டித்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே புகும் நீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் தங்கிவிடுகிறது. வெயில் படாத அந்த இடத்தில் அது எளிதில் காயாது. மேலே கறுப்பு திடமாகத் தெரியும், உள்ளே தகடு இலை இலையாக உதிர்ந்துகொண்டிருக்கும். இதற்கு மேல் நம் சர்வீஸ் ஸ்டேஷன்களில் ஆண்டுக்கணக்காக அடித்த கழிவு ஆயிலும் சேர்ந்திருந்தது. மேஸ்திரியின் ஆட்கள் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்து, ஓசை மங்கிய இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். ஹெரால்டில் எதிர்பார்க்கத்தக்க இடங்கள்தான்: சேஸிஸில் இருந்து பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்களும் டிக்கித் தளத்தின் மூலைகளும். பழைய பூச்சை ஹீட் கன்னால் மிதமாக இளக்கி, தட்டையான சுரண்டியால் எடுத்து, மிச்சத்தை மண்ணெண்ணெயால் துடைத்தார்கள். அலுப்பூட்டும் வேலை. இதைத் தவிர்க்கத்தான் பல இடங்களில் பழசுக்கு மேலேயே புதிய ரப்பர் பூச்சைக் கனமாக அடித்துவிட்டு, புதுவண்டி போல இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே துரு பிடித்த தகட்டின் மேல் அப்படி அடிப்பது நீரை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். விற்பனைக்கு வரும் பழைய காரின் அடிப்பாகம் புத்தம்புதிய கறுப்பாக இருந்தால் வாங்குபவர் சந்தேகப்பட வேண்டும்.

சேஸிஸைக் காற்றழுத்தத்தால் மணல் பீச்சிச் சுத்தம் செய்ததில் இரண்டு நல்ல முடிவுகளைக் கண்டேன். அவர்கள் பயன்படுத்தியது கார்னெட் என்ற கனிம மணல். கடற்கரை மணலோ ஆற்று மணலோ மலிவுதான். ஆனால் கடல் மணலில் உப்பு இருக்கிறது, இரண்டிலும் உள்ள சிலிக்காத் தூசி அடிப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். அடுத்தது, கனத்த இரும்பான சேஸிஸுக்கு மட்டுமே பீச்சலை வைத்துக்கொண்டு, பானெட், கதவு போன்ற மெல்லிய தகடுகளைப் பெயிண்டை இளக்கும் ரிமூவர் தடவிக் கையால் உரித்தார்கள். மெல்லிய தகட்டில் பீச்சலின் வேகம் பட்டால் அது நெளிந்துவிடும்; பிறகு நெளிவை மறைக்கப் பட்டியை அப்ப வேண்டிவரும்.

உப்பைப் பற்றிய அவர்களுடைய கவனம்தான் இந்தப் பட்டறையில் நான் மிகவும் மதிக்கும் விஷயம். கடலோரத்தில் ஓடிய வண்டியின் துருக்குழிகளுக்குள் குளோரைடு தங்கியிருக்கும். தகடு வெள்ளி போல மின்னினாலும் குழிக்குள் உப்பு இருந்தால், எத்தனை விலை உயர்ந்த பிரைமர் அடித்தாலும் அதற்கடியில் துரு மீண்டும் கிளம்பும். ஆகவே பீச்சிய இரும்பைக் கழுவ வேண்டும். கழுவும் நீர் எது என்பதிலும் பொருள் இருக்கிறது: கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். இங்கே கேன் தண்ணீரால் கழுவி, உடனே காற்றடித்துக் காயவைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிட்டார்கள். இந்தக் காற்றில் வெறும் இரும்பை இரவெல்லாம் விட்டுவைத்தால் காலையில் அதன்மேல் ஆரஞ்சு நிறம் படர்ந்திருக்கும். பட்டியையும் எபாக்சிக்கு மேலேதான் பூசினார்கள். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. வெறும் தகட்டின் மேல் அதைப் பூசுவது கடலோரத்துக்குப் பொருந்தாது.

அடிப்பூச்சில் அவர்கள் எடுத்த வழி எனக்கு மிகச் சரியானதாகப் படுகிறது. தொழிற்சாலை செய்ததை மட்டும் அப்படியே செய்தால் இந்தக் காற்றில் வண்டி நெடுநாள் நிற்காது. நவீனப் பாதுகாப்பைக் கண்ணில் படும்படி அடித்தால் வண்டியின் முகமே மாறிவிடும். ஆகவே பாதுகாப்பை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்து, தெரியும் பரப்பைத் தொழிற்சாலை விட்டபடி முடித்தார்கள். சேஸிஸின் கூடான சட்டங்களுக்குள்ளும், கதவுகளின் அடிக்குள்ளும், கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளுக்குள்ளும் நீண்ட குழாய் முனையால் மெழுகுப் பூச்சைச் செலுத்தினார்கள். புதிதாகத் துளை எதுவும் போடவில்லை, ஏற்கெனவே இருந்த துளைகளையே பயன்படுத்தினார்கள். 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையிலும் கடலூர், புதுச்சேரித் தெருக்களில் நீரில் நின்ற வண்டிகளுக்கு இந்த உட்கூடுகள்தான் பெரிய ஆபத்து. வெளியே கழுவினால் போகும் சேறு உள்ளே தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். என் வண்டியின் சில் பெட்டியிலும் கைப்பிடி மண் இருந்தது, அதை உறிஞ்சி எடுத்த பிறகே மெழுகு உள்ளே போனது. வெளிப்பரப்பில் எபாக்சிக்கு மேல் பழைய சாம்பலுக்கு நெருக்கமான நிறம், மூட்டுகளில் பிரஷால் இழுத்த சீலர், பக்கவாட்டில் இருந்து வேண்டுமென்றே மெல்லியதாக அடித்த இளம்பச்சைத் தூசி, கடைசியாகச் சக்கர வளைவுகளில் மட்டும் கறுப்பு என்று அசல் வரிசையையே பின்பற்றினார்கள். சீலரை கன்னால் ஒரே சீராகப் பிழிவது எளிது. பழைய தடத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரஷால் இழுத்த அந்த இளைஞரின் கைவேலையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

மேல்நிறத்துக்கு வருவோம். கடையில் கம்ப்யூட்டரை வைத்து நிறம் அளப்பவர்கள் வெளிப்புறத் தகட்டின் மேல் கருவியை வைத்துவிட்டால், அது வெயிலில் மங்கிய நிறத்தையே அளந்து கொடுக்கும். நம்பர் தகட்டின் பின்புறம் கிடைத்த வெயில் படாத பகுதியை மெதுவாகப் பாலிஷ் செய்து அங்கேதான் அளக்க வைத்தார் மேஸ்திரி. வந்த கலவையை ஒரு தகட்டில் அடித்து, நிழலிலும் வெயிலிலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பார்த்துத் திருத்தினார்கள். பழைய பெயிண்டுகளின் நிறமிகள் இன்றைய நிறமிகளில் இருந்து வேறுபட்டவை. அந்தக் காலத்து மஞ்சள்களிலும் பல பச்சைகளிலும் ஈயக் குரோமேட் பரவலாகச் சேர்ந்திருந்தது. அதனால் ஓர் ஒளியில் ஒன்றாகத் தெரியும் இரு பச்சைகள் இன்னோர் ஒளியில் பிரிந்து நிற்கும். மூன்று ஒளியிலும் நூற்றுக்கு நூறு பொருந்தவில்லை. வெயிலில் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தோம், அதுவே சரியான முடிவு.

பெயிண்டர் நிறத்துக்கு மேல் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேற்பூச்சு, அடிக்கலாம் என்று வற்புறுத்தினார். நான் மறுத்தேன். ஹெரால்டு காலத்துச் சாதாரண நிறங்களுக்கு மேல் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேற்பரப்பு. அதன்மேல் கண்ணாடி போன்ற ஒரு படலத்தை வைத்தால், நிறத்துக்கு அந்த வண்டியில் ஒருபோதும் இல்லாத ஓர் ஆழம் வந்துவிடும். கடைசியில் கிளியர் இல்லாத பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டை அடித்து, நீர் உப்புத்தாளில் தேய்த்து, மிதமாகப் பாலிஷ் செய்தார்கள். என்.சி. பெயிண்டையே அடித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஈரக்காற்றில் என்.சி. அடிக்கும்போது தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கிறது, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வெள்ளை பூத்துவிடுகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்த்துச் சமாளிக்கலாம் என்றாலும், இந்த ஊரில் அது தொடர்ந்த போராட்டம். எந்தப் பெயிண்டானாலும் தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. 30 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 27 டிகிரி. அந்த இடைவெளி அப்போதே போய்விடுகிறது. பட்டறைச் சுவரில் ஈரப்பதமானி தொங்குகிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் கன்னைக் கையில் எடுக்கிறார்கள். காலை ஈரம் வடிந்த பிறகு, கடற்காற்று வலுக்கும் முன் அடித்து முடிக்கிறார்கள்.

குறைகளையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். முதலாவதும் பெரியதும், பி.யு. பெயிண்ட் அடித்த பெயிண்டர் அணிந்திருந்தது வெறும் துணி முகமூடி. அந்தப் பெயிண்டை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவும் தாங்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி வாங்கும்படி மேஸ்திரியிடம் நேரடியாகவே சொன்னேன், வாடிக்கையாளர்கள் எல்லோரும் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். இரண்டாவது, பின்பக்க இடது கதவின் அடியில் நீர் வடியும் துளை சீலரால் அடைபட்டிருந்தது. மழை நாளில் கதவைத் திறந்தபோது உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்டுத்தான் தெரிந்தது. கூலி வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள்; ஆனாலும் வண்டியைக் கொடுக்கும் முன் எல்லாத் துளைகளிலும் கம்பி விட்டுப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது, முன்சக்கர வளைவின் கறுப்புப் பூச்சு அசலைவிடக் கனமாகவும் சீராகவும் விழுந்துவிட்டது. அசலின் சொரசொரப்பு இடத்துக்கு இடம் மாறியது. இதில் எங்கும் ஒரே அளவுச் சொரசொரப்பு. பானெட்டைத் திறந்தால் பழக்கப்பட்ட கண்ணுக்கு அது உடனே தெரிகிறது. கன் முனையும் காற்றழுத்தமும் மாற்றி ஒரு பழைய தகட்டில் பழகியிருந்தால் தவிர்த்திருக்கலாம். நான்காவது, அவர்கள் எதையும் எழுதி வைப்பதில்லை. அடிப்பாகத்தில் அத்தனை நுட்பமாகப் படித்த சுவடுகள் எல்லாம் மேஸ்திரியின் நினைவிலும் சுவரில் கிறுக்கிய சாக்பீஸ் குறிப்புகளிலும்தான் இருந்தன. நான் எடுத்த படங்கள் இல்லாவிட்டால், சீலர் கட்டத்தில் பாதி விவரம் கைநழுவியிருக்கும்.

வண்டியின் நிறத்தை மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகும் விவரம். என் வண்டியை வெள்ளையில் இருந்து இளம்பச்சைக்குத் திருப்பியதால் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி மாற்ற வேண்டியிருந்தது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், முதல் பதிவில் இருந்து 50 ஆண்டைக் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் பராமரிக்கப்படும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு வரிசையைத் தருகின்றன. அந்தப் பதிவுக்குப் போக விரும்புபவர்கள் பிரித்த நிலையில் எடுத்த படங்களைப் பத்திரப்படுத்துவது நல்லது. பட்டறை இதில் எந்த உதவியும் செய்வதில்லை.

செலவு, கழற்றிப் பூட்டும் கூலி நீங்கலாக இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு யாரும் குனிந்து பார்க்காத அடிப்பாகத்துக்கே போயிற்று. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சொன்ன காலத்தைவிட மிகவும் தாமதமானதற்குப் பாதிக் காரணம் மழை, மீதி அவர்கள் ஒரே நேரத்தில் அதிக வண்டிகளை ஏற்றுக்கொள்வது. அக்டோபர் தொடங்கிப் பொங்கல் வரை பெயிண்ட் அடிப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறார்கள், அந்த மாதங்களில் டிங்கர் வேலை மட்டும் நடக்கிறது. எனவே பிரித்துப் பழைய அடிப்பூச்சைச் சுரண்டும் வேலைக்கு மழைக்காலத்தில் வண்டியைக் கொடுத்து, மணல் பீச்சலும் பிரைமரும் தை மாதத்தில் விழும்படி திட்டமிடுவது சிறந்தது. வெறும் இரும்பாக மழைக்காலத்தில் எந்தப் பகுதியும் கிடக்கக் கூடாது என்பதை மட்டும் முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும். உட்கூட்டு மெழுகை மழைக்கு முன் ஆண்டுதோறும் பார்த்து, தேவையான இடத்தில் மறுபடி செலுத்தித் தருகிறார்கள். அதற்குத் தனிக் கூலி.